ஓரிரு இடங்களில்

எங்க தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பெரணமல்லூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு மழைக்காலத்தில் எச்சரிக்கை கொடுத்தவர் அவர்தான். ஐப்பசி பிறந்தால் அவருக்கு வீட்டுப் படுக்கை கிடையாது. கோணிச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, கையில் கம்போடு ஏரிக்கரையில் கிடப்பார். அவர் நீர்க்கட்டி. தண்ணீர் கலங்கல் கல்லைத் தொட்டதும் ஓடிப்போய் மணியக்காரர் வீட்டு வாசலுக்குக் கீழே நின்று, "ஆண்டே, தண்ணி கல்லத் தொட்டுச்சி, விடியறதுக்குள்ள கோடி போயிடும்" என்று சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து உத்தரவு வந்த பிறகுதான் பறையைத் தூக்க வேண்டும்.

மழையில் நனைந்த பறை ஊமை. தோல் தொய்ந்து 'பொத் பொத்'தென்றுதான் விழும். யார் வீட்டு அடுப்பிலாவது ஓலையைக் கொளுத்தி அதைக் காய்ச்சி, மறுபடி சாக்குக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போவார். முதலில் ஊர்த் தெரு. அப்புறம் கோயில் தெரு. அப்புறம் நெசவு நடக்கிற தெரு; தறிக்குழியில் தண்ணி ஊறும், பாவைச் சுருட்டி மேலே கட்டிக்குங்க என்று. கடைசியில்தான் சேரி. அவர் சேரிக்கு வருவதற்கு முன்னாடியே தண்ணீர் வந்து சேர்ந்திருக்கும். எங்க ஆயா சொல்லிச் சிரிப்பாள்: "ஊருக்கெல்லாம் சேதி சொன்ன மனுசன் வூட்டுக்கு வர்றாரு. நான் முழங்காலு தண்ணியில நின்னுக்கினு அவருக்குச் சேதி சொல்றேன்."

இதைச் சோகக் கதையாக நான் சொல்லவில்லை. பேரிடர் மேலாண்மை என்று இன்று பெரிய பேர் வைத்திருக்கிறார்களே, அந்த வேலை முழுவதையும் செய்தவர்கள் நம்ம ஆட்கள். ஏரியைப் பார்த்துக்கொள்வது, வரப்போவதை முன்கூட்டிச் சொல்வது, மதகு திறப்பது, கரை உடைந்தால் மண் மூட்டை போடுவது, எல்லாம் வடிந்த பிறகு செத்த மாட்டை இழுத்துப் புதைப்பது வரைக்கும். கூலி, அறுப்புக்கு அறுப்பு களத்துமேட்டில் சில மரக்கால் நெல். அதிலும் பாதி பதர். மழை எப்ப வரும், தண்ணி எங்க பாயும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிஞ்சி என்ன? ஏறி நிற்க ஒரு மேடு எங்களுக்கு இல்லை.

ஏரி கோடி போவது என்றால் ஊருக்குத் திருவிழா. கலங்கலில் தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் விட்டு, கெடா வெட்டிப் படைப்பார்கள். மூன்று போகம் நிச்சயம் என்கிற சந்தோஷம். அந்தக் கோடித் தண்ணீர் போகிற வழியில்தான் எங்கள் தெரு. ஒரே தண்ணீர், ஒரே நாள். ஊர்க்காரன் அதைக் கும்பிடுகிறான், எங்க ஆயா அதைச் சட்டியால் மொண்டு வெளியே ஊற்றுகிறாள். 'இயற்கைக்குச் சாதி ஏது?' என்று கேட்கிற பொதுப்புத்தி அறிவாளிகள் ஒரு கார்த்திகை மாசம் எங்கள் கலங்கலுக்கு வந்து நின்று பார்க்கலாம்.

1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. மணியக்காரர் போனார். பறை போகவில்லை. 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார்: இனிமேல் தண்டோரா வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொள்ளலாம் என்று. நல்லது. நானும் வரவேற்கிறேன். நம்ம ஆள் மழையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிற இழிவு போகட்டும். ஆனால் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ எந்தத் தெரு வரைக்கும் வருகிறது என்று யாராவது பார்த்தீர்களா? தார் ரோடு முடிகிற இடத்தில் திரும்பிவிடுகிறது. தாத்தாவாவது கடைசியில் வந்தார்.

சரி, ஆட்டோ வராவிட்டால் என்ன, கையில் போன் இருக்கிறதே, டி.வி. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. டெல்லியில் இந்திய வானிலை ஆய்வுத் துறை இருக்கிறது. 1875இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்தது. தினமும் நாடு முழுமைக்கும் ஓர் அறிக்கை விடுகிறது. டிசம்பர் மாசத்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேசத்தில் அடர்ந்த மூடுபனி. வடக்கே சில இடங்களில் குளிர் அலை. சமவெளியில் 4 டிகிரிக்குக் கீழே போனால் அது குளிர் அலை என்று கணக்கு. தமிழ்நாட்டில் கனமழை. ஒரே தாளில் ஒரு தேசத்தையே மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த 4 டிகிரியில் டெல்லி மேம்பாலத்துக்கு அடியில் படுத்திருக்கிறவன் யார், கம்பளியோடு மாடியில் நின்று மூடுபனியைப் போட்டோ எடுக்கிறவன் யார் என்பது அந்தத் தாளில் இல்லை. இருக்காது. காற்றையும் ஈரத்தையும் அளக்கிற கருவிக்கு அது தெரியாதுதான். கருவியை நான் திட்டவில்லை. அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, தன் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற அரசு எந்திரத்தைத்தான் திட்டுகிறேன்.

நமக்கு நுங்கம்பாக்கம். ஆறரை மணிக்கு ரேடியோவில் மாநிலச் செய்தி முடிந்ததும் வானிலை வரும் என்று காத்திருந்த காலத்திலிருந்து அந்தப் பாஷை எனக்குப் பழக்கம். 'இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். ஓரிரு இடங்களில் கன முதல் மிக கனமழை பெய்யக்கூடும்.' இந்த 'ஓரிரு இடங்கள்' என்பதற்குத் துறையில் ஓர் அளவு உண்டு. ஒரு பகுதியில் இருக்கிற மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவானால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை என்றால் ஒரு சில இடங்கள். 51 முதல் 75 வரை பல இடங்கள். அதேமாதிரி 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ.யைத் தாண்டினால் கனமழை, 11.56க்கு மேல் மிக கனமழை, 20.44ஐயும் தாண்டினால் அதிகனமழை. காலை 8.30 மணிக்கு அளந்து முடித்துவிட வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மழைமானி தாலுகா ஆபீசில் இருக்கும், பயணியர் மாளிகையில் இருக்கும், பொதுப்பணித் துறை அலுவலகத்தில் இருக்கும். ஒரு சேரிக்குள் மழைமானி வைத்து இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. வைக்கவும் தேவையில்லைதான். எங்கள் வீட்டுச் சுவரில் வருஷா வருஷம் ஈரக் கோடு நிற்கிறது. அளவு வேண்டுமானால் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வருஷம் எடுத்தாலும் அந்த 'ஓரிரு இடங்கள்' ஒரே இடங்களாகவே இருக்கின்றன. ஏரிக்குக் கீழே, ஓடை ஓரம், சுடுகாட்டுக்குப் பக்கம், மண் எடுத்த பள்ளம், ரயில் பாதைக்கு அந்தாண்டை. மழை ஊருக்கும் சேரிக்கும் ஒரே அளவாகப் பெய்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் பெய்த மழை வழிந்து நிற்க ஓர் இடம் வேண்டுமல்லவா? அந்த இடத்தை வானம் தேர்ந்தெடுக்கவில்லை. கிராமக் கணக்குப் புத்தகம் தேர்ந்தெடுத்திருக்கிறது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. அதற்கு முன்னால் இரண்டு மூன்று நாளாக, புயலாக மாறுமா மாறாதா என்று செய்திகளில் ஒரே இழுபறி. கரை ஏறின பிறகும் நகராமல் அங்கேயே மணிக்கணக்காக நின்றது. மயிலத்தில் 51 செ.மீ. கொட்டித் தீர்த்தது. பிறகு மேற்கே நகர்ந்து எங்கள் மாவட்டத்தைத் தாண்டி ஊத்தங்கரையில் 50 செ.மீ. அன்றைக்கு டி.வி.யில் வட மாவட்டங்கள் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தன. பச்சை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயல்படு. இதுதான் அந்த நிறங்களுக்கு அர்த்தம்.

எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து தறி இருக்கிறது. ஆரணி, தேவிகாபுரத்துப் பட்டு முதலாளிகளுக்குக் கூலி நெசவு. பட்டும் ஜரிகையும் அவர்களுடையது, குழியும் காலும் நம்முடையது. எனக்குத் தங்கச்சி முறையாகிற ஒரு பெண், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகத் தறி ஓட்டுகிறவள், அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் கேட்டாள். "அண்ணா, டிவிக்காரன் ரெட்டு ரெட்டுன்றான். ரெட்டுன்னா நாங்க எங்க போவணும்னு சொன்னானா?" எனக்குப் பதில் தெரியவில்லை. செயல்படு என்கிறது சிவப்பு. எங்கே போய்ச் செயல்படுவது? ராத்திரி பத்து மணிக்குமேல் தறிக்குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. பாவு நனைந்தால் இழை தொய்ந்து ஒட்டிக்கொள்ளும், அந்த நஷ்டத்தை முன்பணக் கணக்கில் எழுதிவிடுவார்கள். அதனால் பிள்ளைகளைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு அவள் முதலில் பாவைத்தான் காப்பாற்றினாள். அரிசி மூட்டை நனைந்தது. ரேஷன் கார்டு நனைந்தது. முதலாளியின் பட்டு நனையவில்லை.

பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கலாம் என்று நாலைந்து பேர் போனோம். ஊர்ப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. சாவி ஒரு பெரிய மனுசர் வீட்டில். கதவைத் தட்டினோம். "காலையில பாக்கலாம்பா, இந்த மழையில யாரு வர்றது" என்று உள்ளேயிருந்தே பதில் வந்தது. ஆண்டே என்று நாங்கள் கூப்பிடவில்லை, அவ்வளவுதான் காலமாற்றம். விடிய விடிய அந்தப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் குந்திக்கொண்டிருந்தோம். காலையில் சாவி வந்தது, கூடவே போட்டோ எடுக்க ஓர் ஆளும் வந்தார்.

அன்று மாலை, டிசம்பர் 1, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வந்து வீட்டை மூடியது. 7 பேர் செத்தார்கள், அதில் 5 பேர் குழந்தைகள். அவர்கள் என்ன சாதி என்பதற்குள் நான் போகவில்லை. பாறைக்குக் கீழே வீடு கட்டிக்கொள்கிறவன் ஆசைப்பட்டா கட்டிக்கொள்கிறான்? இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டிசம்பர் 13 அன்று அதே மலையில் மகாதீபம். மலை ஆட்களைத் தாங்குமா என்று பார்க்க வல்லுநர் குழு போனது, மண்ணைச் சோதித்தது, பக்தர்கள் மேலே ஏற வேண்டாம் என்று முடிவானது. அதாவது, இந்தச் சரிவு ஆபத்து, இந்தப் பாதை ஆபத்து என்று அடி அடியாக ஆராய இந்த அரசுக்குத் தெரியும். ஆளும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு நாள் போதும். சேரிகளுக்கு அப்படி ஒரு குழு எந்த ஐப்பசிக்கு முன்னால் போயிருக்கிறது?

அடுத்த நாள் விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள். சில மாசங்களுக்கு முன் கட்டித் திறந்த 16 கோடி ரூபாய் அகரம்பள்ளிப்பட்டுப் பாலம் அடித்துக்கொண்டு போனது. சொல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். ஐந்து தடவை எச்சரிக்கை விட்டோம் என்றது அரசு. இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. எச்சரிக்கை ஆட்சியரிடம் வந்தது, ஆட்சியரிடமிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்குப் பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கடைசித் தெரு வரைக்கும் ஓட ஆள் இல்லை. அந்தக் கடைசி ஓட்டத்துக்குத்தான் நூறு நூற்றைம்பது வருஷமாக எங்க தாத்தாக்களை வைத்திருந்தார்கள். டிசம்பர் 3 அன்று இருவேல்பட்டில் பார்வையிட வந்த அமைச்சர் மேல் ஜனங்கள் சேற்றை வீசினார்கள். வீசினது சரியா தப்பா என்று பட்டிமன்றம் நடந்தது. அந்தச் சேறு வீட்டுக்குள் இருந்த சேறு என்று ஒருத்தரும் எழுதவில்லை.

நிவாரணப் பட்டியல் வந்தது. அதை அப்படியே படித்துக் காட்டுகிறேன். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாய். சேதமான குடிசைக்கு 10,000. நெற்பயிர் 33 சதவீதத்துக்கு மேல் அழிந்திருந்தால் எக்டேருக்கு 17,000. மாடு செத்தால் 37,500. ஆடு 4,000. கோழி 100. கோழிக்குக்கூட விலை எழுதியிருக்கிறார்கள், சந்தோஷம். பயிர்ப் பணம் யாருக்குப் போகும்? பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. அந்த எக்டேரில் நாற்று நட்டு, களை எடுத்து, அறுப்புக்குக் காத்திருந்த பெண்ணுக்கு அறுப்பு போனது. அவள் இழந்த இருபது முப்பது நாள் கூலி எந்தக் கலத்தில் வரும்? தறி நின்ற மூன்று வாரக் கூலி எந்தக் கலத்தில் வரும்? சூளையில் அறுத்து அடுக்கின பச்சைக் கல் கரைந்து போய்விட்டால், அறுத்தவனுக்குக் கூலி உண்டா? வானிலை அறிக்கையின் கடைசி வரி 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று ஓர் உழைக்கிற கூட்டத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது. மீனவர்கள் போராடி அந்த இடத்தை வாங்கினார்கள், மழைக்கால மீன்பிடிக் குறைவுக்கு உதவித்தொகையும் வாங்கினார்கள். சரியாகச் செய்தார்கள். விவசாயிக்குத் தனி அறிவுரை உண்டு, மருந்து அடிக்காதே, வடிகால் வெட்டு என்று. நிலமில்லாத கூலிக்காரனை நோக்கி அந்த அறிக்கையில் ஒரு வாக்கியம் உண்டா? அவன் வானத்துக்குக் கீழே இருப்பதாகவே கணக்கில் வரவில்லை.

பிள்ளைகள் விஷயம் இன்னும் வேடிக்கை. மழை என்றால் பள்ளி விடுமுறை. நுங்கம்பாக்கத்தில் ரமணன் இருந்த காலத்தில் பிள்ளைகளுக்கு அவர் சினிமா நடிகர் மாதிரி. அவர் 2016இல் ஓய்வு பெற்றார், இப்போதும் அவர் பேரைச் சொல்லிச் சிரிக்கிறோம். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் லீவு பிடிக்கும்தான். ஆனால் லீவு விட்டால் மத்தியானச் சோறும் முட்டையும் இல்லை, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவும் இல்லை. அதே நாளில் அம்மா அப்பாவுக்கும் வேலை இல்லை. அடுப்பு நனைந்து கிடக்கிறது. ஒரு பிள்ளைக்கு எந்த நாளில் சோறு மிக அவசியமோ, சரியாக அந்த நாளில் அரசாங்கம் சோற்றை நிறுத்துகிறது. இதை மாற்ற டாப்ளர் ரேடார் வேண்டாம். மழை நாளில் சத்துணவுக் கூடத்தைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வாரத்திலேயே எங்கள் தெருவில் ஒரு கிழவி செத்துப்போனாள். மழைக்கு வயசு பார்த்துச் சாகத் தெரியுமா? சுடுகாட்டுக்குப் போகிற வழி வயல் வரப்பு. வயலும் வரப்பும் தெரியாமல் தொடை அளவுத் தண்ணீர். ரோட்டு வழியாகப் போனால் ஊர்த் தெருவைக் கடக்க வேண்டும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாவு வீடு சண்டைக் களமாகும். ஒன்றரை நாள் வைத்திருந்தோம். பிறகு ஆறு பேர் தண்ணீரில் இறங்கித் தூக்கிப் போனோம். ஒருத்தர் வழுக்கினார், பாடை சாய்ந்தது. மேலே எழுத மனம் வரவில்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கின படத்தை நாடே பார்த்தது. கார்த்திகை மாசத்தில் ஒவ்வொரு சேரியிலும் அதற்குச் சமமான படம் ஒன்று இருக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

ஏன் பள்ளத்தில் போய் இருக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். பறையர்கள் குடியிருக்கிற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் துரத்தலாம் என்பதைப் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில உத்தரவு. அந்த நிலங்கள் எங்கே போயின என்று கேட்டு 1994 அக்டோபரில் காரணையில் போராடினபோது ஜான் தாமசையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. மேட்டு நிலம் கேட்டவனுக்குக் கிடைத்தது குண்டு. பிறகு இலவச மனைப்பட்டா என்று கொடுத்தார்கள். எவன் கொடுப்பான் நல்ல நிலத்தை? நெல் விளையாத களர், ஏரி வாய்க்காலுக்குக் கீழே மூணு மாசம் தண்ணி தேங்குகிற துண்டு, இவற்றை நல்ல விலைக்கு அரசாங்கத்திடம் விற்றான் நிலக்காரன். அதை அளந்து, கல் நட்டு, 'காலனி' என்று பேர் வைத்து எங்களைக் குடியேற்றினார்கள். 2025 ஏப்ரலில் அந்தக் காலனி என்ற பெயரை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பேர் போகட்டும், நல்லது. தண்ணி எப்போது போகும்?

பள்ளம் மட்டும் அல்ல, சுவரும் இருக்கிறது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூர் ஆதிதிராவிடர் காலனி. தொடர்ந்து மழை. பக்கத்து பங்களாக்காரர் எழுப்பியிருந்த, சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுவர் சரிந்து ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். எல்லாரும் தலித்துகள். அந்தச் சுவர் ஆபத்து என்று முன்பே முறையிட்டிருந்தோம் என்று மக்கள் சொன்னார்கள். மறுநாள் செய்தித்தாள்கள் எப்படி எழுதின? 'கனமழைக்கு 17 பேர் பலி.' மழை என்ன சுவரா கட்டியது? இது தீண்டாமைச் சுவர், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடு என்று கேட்டுப் போராடியவர்களைப் போலீஸ் அடித்தது. நாகை திருவள்ளுவன் உள்ளிட்ட பலரைச் சிறையில் தள்ளியது. குற்றத்தை மழையின் தலையில் கட்டிவிட்டால் மழையை யாரும் கைது செய்ய முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம்ம ஜனங்கள் கங்காணி பிடித்துக் கொண்டுபோன இடங்களிலும் இதே கதைதான். இலங்கையில் கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டம். 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அந்த இடம் சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்கு ஒரு துண்டு நிலம் இல்லை. தோட்டம் கம்பெனியுடையது, லயனும் கம்பெனியுடையது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் இலங்கையில் 600 பேருக்கு மேல் செத்தார்கள். மலையகம் மறுபடி மண்ணுக்குள் போனது. எச்சரிக்கைகள் தமிழில் சரியாக வந்து சேரவில்லை என்ற குற்றச்சாட்டும் அங்கே எழுந்தது. இந்தப் பக்கம் மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் லயன்கள் புதைந்து 70 பேர் போனார்கள். அது தென்மேற்குப் பருவமழை. ஆனால் லயனுக்குப் பருவம் ஏது? மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் செத்தவருக்குக் கேரள அரசு 10 லட்சம், லயனில் செத்தவருக்கு 5 லட்சம். இந்தக் கணக்குக்கு உரை எழுதத் தேவையில்லை.

மழை விட்ட பிறகு மறுபடி நம்மைத் தேடுவார்கள். 2004 டிசம்பர் 26 கடல் பொங்கி வடிந்ததும், ஊர் ஊராக நகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களை வண்டியில் ஏற்றி நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோய்ப் பிணம் எடுக்க வைத்தார்கள். அதே கடற்கரையில் நிவாரண முகாமில் தலித்துகளைச் சேர்க்க மறுத்ததும் நடந்தது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் வெளியூர் நகராட்சிகளிலிருந்து லாரி லாரியாகக் கொண்டுவந்து, கையுறைகூடச் சரியாக இல்லாமல் நகரத்தின் மலத்தையும் குப்பையையும் அள்ள வைத்தார்கள். தன்னார்வலர்களைப் பற்றிக் கட்டுரை வந்தது, கவிதை வந்தது, 'சென்னையின் ஆன்மா' என்றெல்லாம் உருகினார்கள். அள்ளினவர்களைப் பற்றி நம்ம பத்திரிகைகள்தான் எழுதின.

எழுத்தாள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழில் மழைக் கவிதைக்குப் பஞ்சமில்லை. ஜன்னல், தேநீர், மண்வாசனை, பழைய காதலி. இப்போது வானிலை ஆர்வலர்கள் வேறு வந்திருக்கிறார்கள். எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக் குதூகலிக்கிறார்கள். அறிவு பரவுவது நல்லதுதான், நானும் பார்க்கிறேன். ஆனால் ஓர் எண் 200ஐத் தாண்டும்போது கைதட்டத் தோன்றுகிறதே, அந்தக் கை எந்த மேட்டில் இருக்கிறது? நம்மையும் சேர்த்தே சொல்கிறேன். நிலம் பற்றி எழுதினோம், கோயில் பற்றி, இரட்டைக் குவளை பற்றி எழுதினோம். கலங்கலுக்கும் நம்ம தெருவுக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று ஒருத்தரும் அளக்கவில்லை. தாத்தா காலத்துக் கணக்கு அவரோடு போய்விட்டது.

திங்கட்கிழமை மனு நாளில் போய் மனுக் கொடுத்தோம். மேட்டில் மாற்று மனை, சுடுகாட்டுக்கு உயர்த்தின பாதை, மழை நாளில் பிள்ளைகளுக்குச் சோறு, பள்ளிக்கூடச் சாவியில் ஒன்று எங்கள் தெருவில், வேலை போன நாட்களுக்குக் கூலி. ரசீது கொடுத்தார்கள். பிறகு தெரிந்தது, மனு ஐந்து துண்டாகப் போயிருக்கிறது. ஏரி நீர்வளத் துறைக்கு, மனை ஆதிதிராவிடர் நலத் துறைக்கு, பாதை ஊராட்சி ஒன்றியத்துக்கு, சோறு சமூக நலத் துறைக்கு, தறிக் கூலி கைத்தறித் துறைக்கு. சாவியைப் பற்றி எந்தத் துறையும் பேசவில்லை. ஒவ்வொரு துறையும், இது எங்கள் வரம்பில் இல்லை என்று ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறது. தண்ணீர் வருவது மட்டும் மொத்தமாக வருகிறது.

அதனால் போன மாசி மாசம் ஏரி வற்றிய சமயத்தில் எங்கள் தெருப் பசங்க நாலு பேர் கிளம்பினார்கள். அதில் இரண்டு பேர் கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள். மேஸ்திரி வைத்திருக்கிற தண்ணீர் மட்டக் குழாய், ஒரு டேப்பு, ஒரு நோட்டு. கலங்கல் கல்லிலிருந்து ஆரம்பித்து, கோடி ஓடை வழியாக, தெருமுனை, அங்கன்வாடிப் படி, ஒவ்வொரு வீட்டு வாசற்படி என்று மூன்று நாள் அளந்தார்கள். எங்கள் தெருவில் ஆக மேடான வாசற்படிகூடக் கலங்கல் கல்லுக்கு இரண்டே முக்கால் அடி கீழே இருக்கிறது. தங்கச்சி வீட்டுத் தறிக்குழியின் அடி ஏழு அடி கீழே. ஊர்ப் பள்ளிக்கூடம் நாலு அடி மேலே. படம் போட்டு, வீட்டு நம்பர் எழுதி, அடுத்த மனுவோடு சேர்க்கிறோம். இதற்குப் படித்த இன்ஜினியர் தேவையில்லை. உங்கள் ஊரிலும் பங்குனிக்குள் அளந்துவிடுங்கள், ஏரி நிறைந்த பிறகு முடியாது. அளந்ததை இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். ஊர்ப் பேர், கலங்கல் மட்டம், தெரு மட்டம், பக்கத்தில் இருக்கிற மேடு யார் பேரில் பட்டா, பள்ளிக்கூடச் சாவி யார் வீட்டில்.